எலெக்ட்ரிக் கார் தயாரித்தும் ஏன் பின்தங்குகிறார்கள்? பழைய கார் நிறுவனங்களின் சிக்கல், எண்களில்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃபோக்ஸ்வாகனுக்கு ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே கார் உருவாவதை வெளியே நின்றே பார்க்க முடிந்தது. 2025 டிசம்பரில் அந்த ஆலையின் கடைசி கார் வெளியே வந்தது. 1937-இல் தொடங்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன், தன் சொந்த நாட்டில் ஓர் ஆலையில் கார் உற்பத்தியை நிறுத்துவது இதுவே முதல் முறை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே கடைசியாகத் தயாரானது பெட்ரோல் காரோ டீசல் காரோ இல்லை. ஐடி.3 என்ற எலெக்ட்ரிக் கார்.

'பழைய கம்பெனிகள் எலெக்ட்ரிக்குக்கு மாறவில்லை, அதனால் தோற்கிறார்கள்' என்பதுதான் நாம் வழக்கமாகக் கேட்கும் கதை. டிரெஸ்டன் அந்தக் கதைக்குள் அடங்காது. மாறியவர்களும் அடிவாங்குகிறார்கள். மாறாத சிலர் நன்றாகவே லாபம் பார்க்கிறார்கள். புதிதாக வந்தவர்களில் பலர் காணாமலே போய்விட்டார்கள்.

அப்போ உண்மையில் நடப்பது என்ன? ஸ்ரீபெரும்புதூரிலும் ஓரகடத்திலும் ஓசூரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

இந்தக் கதை பெரும்பாலும் நடப்பது சீனாவில். உலகின் மிகப் பெரிய கார் சந்தை அதுதான். 2024-இல் மட்டும் அங்கே உற்பத்தியான வாகனங்களில், ஏற்றுமதியையும் சேர்த்து, சுமார் 3.14 கோடி விற்றன. வெளிநாட்டு நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளாக லாபம் அள்ளிய இடம். அங்கே நடந்த மாற்றம் இது:

• ஃபோக்ஸ்வாகன் குழுமம் சீனாவில் விற்ற வாகனங்கள்: 2019-இல் 42.3 லட்சம், 2024-இல் 29.3 லட்சம்.

• ஜெனரல் மோட்டார்ஸ்: 2017-இல் 40 லட்சத்துக்கு மேல். 2024-இல் அதில் பாதிகூட இல்லை.

• ஹோண்டா: 2020-இல் 16.3 லட்சம், 2024-இல் 8.5 லட்சம்.

• சீனப் பயணிகள் கார் சந்தையில் உள்ளூர் பிராண்டுகளின் பங்கு: 2020-இல் 38.4%, 2024-இல் 65.2%.

கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். நான்கே ஆண்டுகள். 2020-இல் அங்கே விற்ற பத்து கார்களில் ஆறு வெளிநாட்டு பிராண்டு. 2024-இல் மூன்றரை.

ஷாங்காயில் 1984-இல் கூட்டு நிறுவனம் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன்தான் பல பத்தாண்டுகளாகச் சீனாவில் அதிகம் விற்ற பிராண்டு. 2023-இல் அந்த இடத்தை பிஒய்டி எடுத்துக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் சீனத் தொழிலின் மதிப்பில் 500 கோடி டாலருக்கும் மேல் குறைத்துக் கணக்கு எழுதப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. மிட்சுபிஷி 2023-இலேயே சீனாவில் கார் தயாரிப்பைக் கைவிட்டது.

யார் இந்த பிஒய்டி?

1995-இல் ஷென்ஜென் நகரில் வாங் சுவான்ஃபூ தொடங்கிய பேட்டரி கம்பெனி. ஆரம்பத்தில் செய்தது செல்போன் பேட்டரிகள். 2003-இல் நொடித்துக்கொண்டிருந்த ஒரு கார் நிறுவனத்தை வாங்கித்தான் கார் தொழிலுக்குள் வந்தார்கள். 2008-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே 23 கோடி டாலர் முதலீடு செய்தது. அப்போதும் பெரிய கார் கம்பெனிகள் இதைப் பொருட்படுத்தவில்லை. 2011-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பிஒய்டி பற்றிக் கேட்டபோது ஈலோன் மஸ்க் சிரித்தே விட்டார்.

2020-இல் பிஒய்டி விற்றது சுமார் 4.3 லட்சம் வாகனங்கள். 2022-இல் 18.6 லட்சம், 2023-இல் 30 லட்சம், 2024-இல் 42.7 லட்சம், 2025-இல் சுமார் 46 லட்சம். பெட்ரோலில் மட்டுமே ஓடும் கார்களின் தயாரிப்பை 2022 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த எண்ணிக்கை முழுக்க எலெக்ட்ரிக் கார்கள் கிடையாது. பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், பிளக்கில் செருகி சார்ஜும் செய்யலாம் என்கிற 'பிளக்-இன் ஹைப்ரிட்' கார்களும் இதில் அடக்கம். சீன அரசின் கணக்கில் இரண்டுமே ஒரே வகை. 2024-இல் பிஒய்டி விற்றதில் பாதிக்கும் மேல் ஹைப்ரிட்தான். தலைப்புச் செய்திகளில் 'எலெக்ட்ரிக்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

முழு எலெக்ட்ரிக்கை மட்டும் தனியாக எடுத்தாலும், 2025-இல் பிஒய்டி விற்றது சுமார் 22.6 லட்சம். டெஸ்லா 16.4 லட்சம். ஆண்டு முழுவதுக்குமான கணக்கில் டெஸ்லாவை பிஒய்டி முந்தியது அப்போதுதான்.

பழையவர்கள் தூங்கிவிட்டார்களா?

இல்லை. இதுதான் சுவாரஸ்யமான பகுதி.

ஜெனரல் மோட்டார்ஸ் இவி1 என்ற எலெக்ட்ரிக் காரை 1996-இலேயே சாலையில் இறக்கியது. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய முதல் எலெக்ட்ரிக் கார்களில் ஒன்றான லீஃபை நிசான் 2010-இல் கொண்டு வந்தது. டெஸ்லாவின் மாடல் எஸ் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு. 2015-இல் டீசல் புகை மோசடியில் மாட்டிக்கொண்ட பிறகு ஃபோக்ஸ்வாகன் எலெக்ட்ரிக்கில் கோடிக்கணக்கில் கொட்டியது. அதன் தலைவராக இருந்த ஹெர்பர்ட் டீஸ், 'டெஸ்லாவிடமும் சீனாவிடமும் தோற்கப் போகிறோம்' என்ற ரீதியில் உள்ளேயே எச்சரித்துக்கொண்டிருந்தார். 2022-இல் அவரைத்தான் மாற்றினார்கள்.

ஆக, தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை. பணம் இல்லாமலும் இல்லை. பிறகு ஏன்? நான்கு காரணங்களாகப் பிரித்துப் பார்க்கலாம்.

காரணம் 1: பேட்டரி யார் கையில்?

எலெக்ட்ரிக் காரில் மிகவும் விலை உயர்ந்த பாகம் பேட்டரி. அதன் கொள்ளளவை கிலோவாட் அவரில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், நம் ஈ.பி. பில்லில் வரும் 'யூனிட்' அதேதான். 60 யூனிட் பேட்டரி என்றால் 60 யூனிட் கரண்ட் பிடிக்கும் என்று அர்த்தம்.

புளூம்பெர்க்என்இஎஃப் ஆய்வின்படி, 2024-இல் ஒரு யூனிட் பேட்டரியின் உலக சராசரி விலை 115 டாலர். ஒரே ஆண்டில் 20% சரிவு. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே விலை இல்லை. சீனாவில் சராசரி 94 டாலர். ஐரோப்பாவில் அதைவிட 48% அதிகம், அதாவது சுமார் 139 டாலர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 யூனிட் பேட்டரிக்குச் சீனாவில் 5,640 டாலர். ஐரோப்பாவில் சுமார் 8,340 டாலர். வித்தியாசம் 2,700 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 2.3 லட்சம் ரூபாய். காரின் மற்ற எல்லாமே சமமாக இருந்தாலும், ஓட்டம் தொடங்கும் முன்பே ஒருவர் 2.3 லட்சம் முன்னால் நிற்கிறார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 2024-இல் உலகம் முழுக்க எலெக்ட்ரிக் வாகனங்களில் பொருத்தப்பட்ட பேட்டரியில் பாதிக்கும் மேல் இரண்டே சீன நிறுவனங்கள் கொடுத்தவை. சிஏடிஎல் சுமார் 38%, பிஒய்டி சுமார் 17%. இவர்கள் பெரிதாக வளர்த்தெடுத்த வகை 'எல்எஃப்பி' எனப்படும் இரும்பு-பாஸ்பேட் பேட்டரி. விலை அதிகமான நிக்கல், கோபால்ட் இரண்டும் இதற்குத் தேவையில்லை. இதில் ஒரு முரண்: இதற்கான அடிப்படை ஆராய்ச்சி நடந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில். எடைக்கு ஏற்ற மின்சாரம் பிடிக்காது என்று மேற்கத்திய நிறுவனங்கள் ஒதுக்கி வைத்ததை, மலிவு என்ற ஒரே காரணத்துக்காகச் சீன நிறுவனங்கள் விடாமல் மேம்படுத்தின. 2020-இல் பிஒய்டி அறிமுகம் செய்த 'பிளேடு' பேட்டரி அந்த வரிசையில் வந்ததுதான்.

பழைய நிறுவனங்களோ பேட்டரியை இன்னொரு உதிரி பாகமாக மட்டுமே பார்த்தன. டயர், கண்ணாடி மாதிரி வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தன. நூறு ஆண்டுகளாக அவர்கள் தங்கள் கையிலேயே வைத்திருந்த பாகம் எஞ்சின். அந்த இடத்துக்கு பேட்டரி வந்தபோது, அது வேறொருவர் கையில் இருந்தது.

காரணம் 2: போன் வேகத்தில் கார்

ஷாவ்மி என்றால் நமக்கு ரெட்மி போன். அந்த நிறுவனம் கார் தயாரிக்கப் போவதாக அறிவித்தது 2021 மார்ச்சில். 2024 மார்ச் 28-இல் எஸ்யூ7 கார் விற்பனைக்கு வந்தது. முதல் 24 மணி நேரத்தில் பதிவான ஆர்டர்கள் 88,898. அதற்கு முன் ஒரு கார்கூடச் செய்திராத கம்பெனி, அறிவிப்பிலிருந்து டெலிவரிக்கு எடுத்துக்கொண்டது மூன்றே ஆண்டுகள். ஃபோர்டின் தலைமைச் செயல் அதிகாரி ஜிம் ஃபார்லி, ஒரு எஸ்யூ7-ஐ அமெரிக்காவுக்கு வரவழைத்து ஆறு மாதம் ஓட்டியதாகவும், அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை என்றும் 2024-இல் வெளிப்படையாகவே சொன்னார்.

பாரம்பரிய நிறுவனங்களில் ஒரு புது மாடல் வர நான்கைந்து ஆண்டுகள் ஆவது சாதாரணம். அதுகூட எஞ்சின் காலத்தில் பிரச்சினையாக இருக்கவில்லை. ஆனால் இப்போதைய கார் ஒரு சாஃப்ட்வேர் பொருளும்தான். பழைய காரில் பிரேக்குக்கு ஒரு கம்பெனியின் சிப், ஏசிக்கு இன்னொன்று, ஜன்னலுக்கு மற்றொன்று என்று டஜன் கணக்கில் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சப்ளையர் எழுதிய கோடு. டெஸ்லாவும் சீன நிறுவனங்களும் சில பெரிய கம்ப்யூட்டர்களை வைத்து, சாஃப்ட்வேரைத் தாங்களே எழுதின. போன் போல இரவோடு இரவாக அப்டேட் போடலாம்.

இதைப் பிடிக்க ஃபோக்ஸ்வாகன் 2020-இல் 'கேரியட்' என்ற தனி சாஃப்ட்வேர் நிறுவனத்தையே தொடங்கியது. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருந்தும் வேலை இழுத்துக்கொண்டே போனது. போர்ஷேயின் எலெக்ட்ரிக் மக்கான் வருவது இதனால் தள்ளிப்போனது. ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது புரியாத கதை இல்லை. பழைய சிஸ்டத்தின் மேலேயே புதியதைக் கட்டும்போது, ஆள் அதிகம் போட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

காரணம் 3: தன் லாபமே தனக்கு எதிரி

ஃபோர்டு தன் எலெக்ட்ரிக் பிரிவின் கணக்கைத் தனியாக வெளியிடுகிறது. அந்தப் பிரிவில் 2023-இல் நட்டம் 470 கோடி டாலர். 2024-இல் சுமார் 510 கோடி டாலர். அதே ஆண்டுகளில் பெட்ரோல் பிக்கப் வண்டிகளும் வணிக வாகனங்களும் நல்ல லாபம் கொடுத்தன.

இப்போது ஃபோர்டின் மேலாளர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். லாபம் தரும் வண்டியின் பணத்தை எடுத்து, நட்டம் தரும் வண்டியில் போட வேண்டும். அந்த வண்டி நன்றாக விற்றால், லாபம் தரும் உங்கள் பழைய வண்டியின் விற்பனை குறையும். எஞ்சின் ஆலையில் போட்ட பல ஆயிரம் கோடி வீணாகும். ஆயில் மாற்றுவது, சர்வீஸ் செய்வது என்று பிழைக்கும் டீலர்கள் முகம் சுளிப்பார்கள். தொழிற்சங்கம் கேள்வி கேட்கும். பங்குதாரர் ஒவ்வொரு காலாண்டும் கணக்குக் கேட்பார்.

புதிய நிறுவனத்துக்கு இதில் எதுவும் இல்லை. இழக்க எஞ்சின் ஆலையும் இல்லை, கோபிக்க டீலரும் இல்லை.

அதனால்தான் பழையவர்கள் ஒரு அடி முன்னே வைத்து இரண்டு அடி பின்னே வைக்கிறார்கள். 2025 டிசம்பரில் ஃபோர்டு, எஃப்-150 லைட்னிங் எலெக்ட்ரிக் பிக்கப்பின் அப்போதைய வடிவத்தை நிறுத்துவதாகவும், எலெக்ட்ரிக் திட்டங்களைச் சுருக்குவதால் 1,950 கோடி டாலர் அளவுக்குக் கணக்கில் இழப்பு எழுதுவதாகவும் அறிவித்தது. அதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு காலாண்டுக்கும் தனித்தனியே பார்த்தால் சரியாகத்தான் படும். பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது சரிதானா என்பதுதான் கேள்வி.

காரணம் 4: பின்னால் நின்ற அரசு

இதைச் சொல்லாமல் சீனக் கதையைச் சொன்னால் பாதிதான் உண்மை. எலெக்ட்ரிக் கார் வாங்குவோருக்குச் சீன அரசு 2022 இறுதி வரை பத்து ஆண்டுகளுக்கு மேல் மானியம் கொடுத்தது. மானியம், வரி விலக்கு, சார்ஜிங் வசதி, ஆராய்ச்சி, அரசுக் கொள்முதல் எல்லாம் சேர்த்து 2009 முதல் 2023 வரை சுமார் 23,000 கோடி டாலர் என்று அமெரிக்காவின் சிஎஸ்ஐஎஸ் ஆய்வு மையம் மதிப்பிட்டது.

பணம் மட்டும் இல்லை. ஷாங்காயில் பெட்ரோல் காருக்கு நம்பர் பிளேட் வாங்கவே ஏலம் எடுக்க வேண்டும். விலை 90,000 யுவான் வரை போனது, நம் பணத்தில் சுமார் 10 லட்சம் ரூபாய். எலெக்ட்ரிக் காருக்குப் பச்சை பிளேட், இலவசம். எதை வாங்குவார்கள்?

இன்னொரு முக்கியமான நகர்வு டெஸ்லா. வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளூர்க் கூட்டாளியோடுதான் கார் தயாரிக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, ஷாங்காயில் தனி ஆலை கட்ட 2018-இல் டெஸ்லாவுக்கு வழிவிட்டார்கள். 2019 இறுதியில் அங்கிருந்து கார் வந்தது. டெஸ்லாவுக்குப் பாகம் கொடுத்துப் பழகிய உள்ளூர் சப்ளையர்கள், அதே தரத்தை மற்ற சீன கம்பெனிகளுக்கும் கொடுத்தார்கள்.

அப்போ புதியவர்கள் எல்லாம் ஜெயித்துவிட்டார்களா?

அதுவும் இல்லை. சீனாவின் டபிள்யூஎம் மோட்டார் 2023-இல் திவால் மனு போட்டது. ஹைஃபை 2024 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால். ஐரோப்பாவின் பேட்டரி நம்பிக்கையாக இருந்த ஸ்வீடனின் நார்த்வோல்ட் 2025 மார்ச்சில் திவால். சீனாவில் விலைப் போர் எல்லை மீறிப்போய், அரசே தலையிட்டுக் கண்டிக்கும் நிலை 2025-இல் வந்தது. டெஸ்லாவின் விற்பனை 2023-இல் 18.1 லட்சம், 2025-இல் 16.4 லட்சம். நேற்றைய புதியவரே இன்று பழையவராகிவிட்டார்.

மறுபக்கம் டொயோட்டா. 'எலெக்ட்ரிக் மட்டும் போதாது, ஹைப்ரிடும் வேண்டும்' என்று பிடிவாதமாக நின்று கிண்டலுக்கு ஆளான நிறுவனம். 2024-இல் குழுமமாக சுமார் 1.08 கோடி வாகனங்கள் விற்று உலகின் முதலிடத்தைத் தக்கவைத்தது. ஆனால் முதல் அலையிலேயே எலெக்ட்ரிக்கில் குதித்த நிசான், 20,000 வேலைகளைக் குறைக்கவும் 17 ஆலைகளை 10 ஆக்கவும் 2025 மே மாதம் முடிவெடுத்தது.

ஆகவே கோடு 'எலெக்ட்ரிக் எதிர் பெட்ரோல்' என்று போகவில்லை. செலவைக் குறைக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்றுதான் போகிறது.

பழையவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒன்று, சுவர் எழுப்புகிறார்கள். 2024-இல் சீன எலெக்ட்ரிக் கார்களுக்கு அமெரிக்கா 100% வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் வழக்கமான 10% வரிக்கு மேல் பிஒய்டிக்கு 17%, எஸ்ஏஐசிக்கு 35.3% என்று கூடுதல் வரி விதித்தது.

இரண்டு, படிக்கப் போகிறார்கள். சீனாவின் எக்ஸ்பெங்கில் ஃபோக்ஸ்வாகன் 70 கோடி டாலர் போட்டது. சாஃப்ட்வேருக்காக அமெரிக்காவின் ரிவியனோடு 580 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம். ஃபியட், பெஷோ, ஜீப் எல்லாம் வைத்திருக்கும் ஸ்டெல்லாண்டிஸ், சீனாவின் லீப்மோட்டாரில் 150 கோடி யூரோ முதலீடு செய்தது. நாற்பது ஆண்டுக்கு முன் கார் செய்வது எப்படி என்று சீனாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், இன்று பணம் கட்டி அங்கே கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்று, ஆட்குறைப்பு. ஜெர்மனியில் 2030-க்குள் 35,000-க்கும் அதிகமான வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு போட்டது. டிரெஸ்டன் முடிவும் அதில் ஒரு பகுதி.

சரி, இந்தியாவில்?

இங்கே படம் வேறு மாதிரி. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் கார்களில் எலெக்ட்ரிக்கின் பங்கு 2.6% மட்டுமே, சுமார் 1.08 லட்சம் கார்கள். சீனா அதே 2024-இல், பிளக்-இன் ஹைப்ரிடையும் சேர்த்து, 40%-ஐத் தாண்டியிருந்தது. மாருதியின் சந்தைப் பங்கு சில ஆண்டுகளில் 51%-லிருந்து 41% அளவுக்கு இறங்கியது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் எலெக்ட்ரிக் இல்லை, எஸ்யூவி மோகம்.

சீனப் போட்டியும் நேராக உள்ளே வரவில்லை. முழுதாகக் கட்டிய காரை இறக்குமதி செய்தால் 70 சதவீதமும் அதற்கு மேலும் வரி. பிஒய்டி ஓர் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து 100 கோடி டாலரில் ஆலை கட்டக் கேட்ட திட்டத்தை அரசு ஏற்கவில்லை என்று 2023 ஜூலையில் செய்திகள் வந்தன. ஆனாலும் ஒரு பக்கக் கதவு இருக்கிறது. சீனாவின் எஸ்ஏஐசியும் ஜேஎஸ்டபிள்யூவும் சேர்ந்து நடத்தும் எம்ஜி, சீன மாடலை அடிப்படையாகக் கொண்ட வின்ட்சரை 2024 செப்டம்பரில் இறக்கியது. காரை 9.99 லட்சத்துக்கு வாங்கு, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை கொடு என்ற திட்டம். இந்திய எலெக்ட்ரிக் கார் சந்தையில் 70%-க்கு மேல் வைத்திருந்த டாடாவின் பங்கு 2024-25-இல் சுமார் 53% ஆனது. எம்ஜி 28%-ஐ எட்டியது.

ஸ்கூட்டரில் கதை தலைகீழ்

உலகக் கதைக்கு நேர்மாறானது நம் ஊர் ஸ்கூட்டர் கதை. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் பிரம்மாண்ட ஆலை கட்டிய ஓலா எலெக்ட்ரிக், 2024 ஏப்ரலில் நாட்டில் விற்ற எலெக்ட்ரிக் இருசக்கர வாகனங்களில் பாதியைத் தன் கையில் வைத்திருந்தது. ஓராண்டில், 2025 கோடைக்குள், ஓசூரின் டிவிஎஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டது. பஜாஜும் ஓலாவைத் தாண்டியது.

என்ன நடந்தது? சர்வீஸ். தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,000-க்கும் அதிகமான புகார்கள் வந்ததாக 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. டிவிஎஸ்ஸிடமும் பஜாஜிடமும் ஊருக்கு ஊர் டீலர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் பழைய நிறுவனத்துக்குச் சுமையாகத் தெரிந்த டீலர் வலைப்பின்னல், இங்கே அவர்களைக் காப்பாற்றியது.

தமிழ்நாட்டுக்கு என்ன?

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலை நகரில் போராட்டம் நடந்தது நினைவிருக்கும். அது எலெக்ட்ரிக் போட்டியால் நடந்தது இல்லை. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் உலக அளவில் நெருக்கடி வந்தால் ஒரு கம்பெனி முதலில் எந்தக் கிளையை வெட்டும் என்பதற்கு அது பாடம். ஓரகடத்தில் ரெனோவோடு சேர்ந்து நடத்திய ஆலையில் தன் 51% பங்கை ரெனோவுக்கே விற்பதாக நிசான் 2025 மார்ச்சில் அறிவித்தது. அதுவும் அதே பாடத்தின் அடுத்த பக்கம். மறுபுறம், 2017-இல் பிறந்த வியட்நாமின் வின்ஃபாஸ்ட், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலையைத் திறந்தது. ஆண்டுக்கு 50,000 கார் கட்டும் திறனில் தொடக்கம். நிறுவனம் இன்னும் நட்டத்தில்தான் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெரிய ஆலைகளைவிட முக்கியமான கேள்வி, அவற்றுக்குப் பாகம் கொடுக்கும் அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் பட்டறைகளைப் பற்றியது. எலெக்ட்ரிக் காரில் பிஸ்டன், கிளட்ச், சைலன்சர், ஃபியூயல் பம்ப், ஸ்பார்க் பிளக் எதுவும் கிடையாது. பிரேக், சீட், டயர், கண்ணாடி, சஸ்பென்ஷன் அப்படியே இருக்கும். இரண்டாவது பட்டியலில் இருப்பவருக்கு வாடிக்கையாளர் பெயர் மட்டும் மாறும். முதல் பட்டியலில் இருப்பவருக்குத் தொழிலே மாறும். ஹைப்ரிட் கார்கள் பரவினால் முதல் பட்டியலுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதனால்தான் 'ஹைப்ரிடுக்கு வரிச் சலுகை தரலாமா' என்ற விவாதம் இங்கே இவ்வளவு சூடாக நடக்கிறது.

நீங்கள் எதைக் கவனிக்கலாம்?

வேலையில் இருப்பவர் என்றால்: உங்கள் கம்பெனி செய்யும் பாகம் மேலே சொன்ன இரண்டு பட்டியலில் எதில் வருகிறது என்று பாருங்கள். மோட்டார், பவர் எலெக்ட்ரானிக்ஸ், பேட்டரி மேலாண்மை, வாகன சாஃப்ட்வேர் ஆகியவற்றில் ஆள் தேவை கூடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கல் பட்டம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. பேட்டரியின் சூட்டைக் கட்டுப்படுத்துவதும் மெக்கானிக்கல் வேலைதான்.

கார் வாங்கப் போகிறவர் என்றால்: ரேஞ்ச், ஸ்கிரீன் அளவு மட்டும் பார்க்காதீர்கள். கம்பெனி எட்டு ஆண்டு கழித்தும் இருக்குமா என்று கேளுங்கள். பேட்டரி வாரண்டி பொதுவாக 8 ஆண்டு, 1.6 லட்சம் கிலோமீட்டர். வாரண்டி கொடுத்த கம்பெனி மூடிவிட்டால் அது வெறும் காகிதம். ஃபிஸ்கர் கார் வாங்கியவர்கள் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு யாரிடம் போவது என்று தவித்தார்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதும் ஒரு ஸ்பெசிஃபிகேஷன்தான்.

செய்தி படிப்பவர் என்றால்: விற்பனை எண்ணிக்கையோடு லாபத்தையும் பாருங்கள். கூடவே பேட்டரி செல் இந்தியாவில் தயாராகிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும், சில வாரங்களில் ஜப்பானில் சுஸுகி ஸ்விஃப்ட் உற்பத்தி நின்றது. இந்தியாவில் பஜாஜ் சேட்டக்கின் உற்பத்தியும் அடிவாங்கியது. காரின் மேல் எந்த பிராண்டின் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் பொருள் யாரிடம் இருக்கிறதோ அவர் கையில்தான் பிடி.

டிரெஸ்டன் கண்ணாடி ஆலையை இடிக்கப் போவதில்லை. உள்ளூர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, செயற்கை நுண்ணறிவு, ரோபோ, சிப் ஆராய்ச்சிக்கான வளாகமாக மாற்றப் போகிறார்கள். கட்டடம் பிழைத்துக்கொண்டது. உள்ளே கார் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளிக்கு அந்தப் புது வளாகத்தில் இடம் உண்டா என்பது வேறு கேள்வி. ஓரகடத்திலும் ஓசூரிலும் அந்தக் கேள்வி வருவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. பதில் தயாரிக்க அவ்வளவு நேரம்தான் நமக்கு.